'சர்வர் டவுன்' ஏன்? பிளவக்கல் அணை சொல்லும் பாடம்!

குட்டீஸ்... பிளஸ் 2 தேர்வு முடிவு வெளியாகும் நாளை நினைத்துப் பாருங்கள்.

எதிர்வீட்டு அண்ணன் காலையிலேயே குளித்துத் தயாராகி, செல்போனும் கையுமாக உட்கார்ந்திருப்பார். பதிவு எண், பிறந்த தேதி எல்லாம் தலைகீழ்ப் பாடம். நேரம் ஆனதும் விரல் பட்டனை அமுக்கும். திரையில் ஒரு வட்டம் சுற்றும்... சுற்றும்... சுற்றிக்கொண்டே இருக்கும்!

"என்னப்பா ஆச்சு... பாஸா?" என்று திண்ணையிலிருந்து பாட்டி குரல் கொடுப்பார்.

"சர்வர் டவுன் பாட்டி!"

"ஐயோ பாவம்... அவனுக்கு என்ன, காய்ச்சலா?"

சிரிக்காதீர்கள். பாட்டி கேட்டது நல்ல கேள்விதான். சர்வருக்கு என்னதான் ஆகிறது? ஏன் அது சரியாக நமக்குத் தேவைப்படும் நேரம் பார்த்துப் படுத்துக்கொள்கிறது? வாங்க, பார்க்கலாம்!

இட்லி கொண்டு வருபவர் இல்லை!

ஹோட்டலில் நாம் கேட்டதை எடுத்து வந்து பரிமாறுபவரை சர்வர் என்கிறோம். கம்ப்யூட்டர் உலகத்து சர்வருக்கும் அதே வேலைதான். 'இந்தப் பக்கத்தைக் காட்டு' என்று உங்கள் செல்போன் கேட்கிறது. எங்கோ ஒரு கட்டடத்தில், ஏ.சி. குளிரில், ராத்திரி பகல் பாராமல் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கம்ப்யூட்டர் அதைத் தேடி எடுத்து அனுப்புகிறது. அதுதான் சர்வர். ஆயிரக்கணக்கான சர்வர்கள் ஒன்றாக இருக்கும் கட்டடத்துக்கு 'டேட்டா சென்டர்' என்று பெயர். சென்னையில் சிறுசேரி, அம்பத்தூர் பகுதிகளில் இப்படிப்பட்ட கட்டடங்கள் இருக்கின்றன.

இந்த சர்வர்களைப் பார்த்துக்கொள்பவர்தான் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர். எல்லாம் ஒழுங்காக ஓடும் வரை அப்படி ஒருவர் இருப்பதே யாருக்கும் தெரியாது. ஏதாவது நின்றுபோனால் மட்டும் எல்லாரும் அவரைத்தான் தேடுவார்கள்!

அவர் வேலையைப் புரிந்துகொள்ள, கம்ப்யூட்டர் இல்லாத ஓர் இடத்துக்கு உங்களை அழைத்துப் போகிறேன்.

மலையடிவாரத்தில் ஓர் அணை

விருதுநகர் மாவட்டம், வத்திராயிருப்புக்குப் பக்கத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது பிளவக்கல். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்த இடம். இங்கே பெரியாறு, கோவிலாறு என இரண்டு அணைகள் உண்டு. முல்லைப் பெரியாறு என்று நினைத்துவிடாதீர்கள். அது வேறு, இது வேறு. இந்தப் பெரியாறு, வைப்பாற்றுக்குத் தண்ணீர் தரும் மலை ஆறுகளில் ஒன்று.

மலையில் கனமழை பெய்தால் தண்ணீர் சொல்லிக்கொண்டு வராது. நேற்று வரை பாறை தெரிந்த ஆற்றில் இன்று காட்டாற்று வெள்ளம் பாயும். அதை அணை தாங்கிப் பிடிக்கிறது. அணை நிரம்பப்போகிறது என்றால், கரையோரத்து மக்களுக்கு முதலில் எச்சரிக்கை விடுவார்கள். பிறகு உபரி நீரைத் திறந்துவிடுவார்கள்.

கீழே வயல்வெளிப் பக்கம் போனால் வரிசையாகக் கண்மாய்கள். ஒவ்வொரு கண்மாயிலும் இரண்டு முக்கியமான வழிகள் இருக்கும். ஒன்று மடை. வயலுக்குத் தேவையான தண்ணீரை அளந்து விடும் வழி. இன்னொன்று கலுங்கு. சில ஊர்களில் கலிங்கு என்பார்கள். கண்மாய் நிறைந்த பிறகு மிச்சத் தண்ணீர் கரையை உடைக்காமல் வெளியேறும் வழி அது. அப்படி வெளியேறினால், 'கண்மாய் மறுகால் பாயுது' என்று ஊரே சந்தோஷப்படும். அந்த மறுகால் தண்ணீர் வீணாகாது. அடுத்த கண்மாய்க்குப் போகும். அது நிறைந்தால் அதற்கு அடுத்தது!

இதையெல்லாம் கவனிக்க ஊரில் ஒருவர் இருப்பார். அவர்தான் நீர்பாய்ச்சி. எந்த மடையை எப்போது திறப்பது, யார் வயலுக்கு எவ்வளவு நேரம் விடுவது என்று அவருக்குத்தான் தெரியும். மழை கொட்டும் இரவில் ஊர் தூங்கும். அவர் மண்வெட்டியோடு கரையில் நிற்பார்.

இப்போது யோசியுங்கள். தண்ணீருக்குப் பதில் லட்சக்கணக்கான செல்போன்களின் கேள்விகள் பாய்ந்து வருகின்றன. கண்மாய்க்குப் பதில் சர்வர். நீர்பாய்ச்சிக்குப் பதில் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர். கதை புரிகிறதா?

ஒரு சின்னக் கணக்கு

ஒரு சர்வர் ஒரு விநாடிக்கு 100 பேருக்குப் பதில் சொல்லும் என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 90 பேர் கேட்டால் பிரச்னையே இல்லை. 120 பேர் கேட்டால்?

ஒவ்வொரு விநாடியும் 20 பேர் மிஞ்சுவார்கள். ஒரு நிமிடத்தில் 1,200 பேர் வரிசையில் நிற்பார்கள். அப்போது வந்து சேருகிறவர் 12 விநாடி காத்திருக்க வேண்டும். பரவாயில்லை என்கிறீர்களா? பத்தே நிமிடத்தில் வரிசை 12,000 ஆகிவிடும். காத்திருக்கும் நேரம் 2 நிமிடம்!

கூட்டம் கொஞ்சம்தான் கூடியது. 100 பேர் வர வேண்டிய இடத்தில் 120 பேர். ஆனால், வரிசையோ அனுமார் வால் போல நீண்டுகொண்டே போகிறது.

இதில் நாம் ஒரு காரியம் செய்கிறோம். பொறுமை இழந்து 'ரெஃப்ரெஷ்' பட்டனைத் திரும்பத் திரும்ப அமுக்குகிறோம். ஒவ்வொரு அமுக்கலும் வரிசையில் இன்னொரு ஆள் நிற்பது போல. நீங்கள் ஒருவர்தான், ஆனால், சர்வர் கண்ணுக்கு ஐந்து பேர். உங்களுடைய பழைய கேள்விக்கும் அது பாவம், உட்கார்ந்து பதில் தயாரிக்கும். அதை வாங்கிக்கொள்ள அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்!

பத்து மணிக்கு வரும் வெள்ளம்

நம் நாட்டில் தினமும் காலையில், சொல்லி வைத்தாற்போல வெள்ளம் பார்க்கும் சர்வர்கள் இருக்கின்றன. எது தெரியுமா? ரயில் டிக்கெட் விற்கும் ஐ.ஆர்.சி.டி.சி. இணையதளம்தான்!

ராஜபாளையத்தில் இருக்கும் உங்கள் மாமா, நாளைக்குப் பொதிகை எக்ஸ்பிரஸில் சென்னை போக வேண்டும் என்றால் இன்று காலை தட்கல் டிக்கெட்டுக்கு முயற்சி செய்வார். அவரைப் போல நாடு முழுக்க லட்சக்கணக்கான மாமாக்கள் ஒரே விநாடியில் பட்டனை அமுக்குகிறார்கள். இருக்கும் இடமோ கொஞ்சம்.

2002 ஆகஸ்டில் இணையத்தில் டிக்கெட் விற்பனை தொடங்கியது. கூட்டம் கூடக் கூட, தளம் திணறியது. 2014 ஆகஸ்டில் புதிய அமைப்பைக் கொண்டுவந்தார்கள். அதுவரை நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த தளம், 7,200 டிக்கெட் கொடுக்கும்படி ஆனது. 2025 மே 22-ம் தேதி ஒரே நிமிடத்தில் 31,814 டிக்கெட்டுகள் பதிவாகின!

பெரிய இயந்திரம் வாங்கிப் போட்டது மட்டும்தான் காரணமா? இல்லை. 2015 ஜூனில் ஒரு பைசா செலவில்லாத யோசனை ஒன்றைச் செய்தார்கள். ஏ.சி. வகுப்புக்குத் தட்கல் காலை 10 மணிக்கு, ஏ.சி. இல்லாத வகுப்புக்கு 11 மணிக்கு என்று பிரித்துவிட்டார்கள். ஒரே நேரத்தில் வந்த வெள்ளம் இரண்டாகப் பிரிந்தது. நீர்பாய்ச்சி, மேலத் தெரு வயலுக்குக் காலையிலும் கீழத் தெரு வயலுக்கு மாலையிலும் தண்ணீர் விடுவாரே... அதே முறை!

இன்னொரு தலைவலியும் உண்டு. மனிதர்களைப் போல நடித்து, மின்னல் வேகத்தில் உள்ளே நுழையும் 'பாட்' என்ற கள்ள மென்பொருள்கள். தட்கல் தொடங்கிய முதல் ஐந்து நிமிடத்தில் உள்ளே நுழைய முயல்வதில் பாதி வரை இந்தக் கள்ளக் கூட்டம்தான் என்று 2025-ல் ரயில்வே அமைச்சகமே சொன்னது. வயலுக்குப் போக வேண்டிய தண்ணீரை நடுவில் வாய்க்கால் வெட்டித் திருடுவது மாதிரி. அதனால்தான் 2025 ஜூலை முதல், இணையத்தில் தட்கல் எடுக்க ஆதார் சரிபார்ப்பு கட்டாயமானது.

வாய்க்கால் குறுகினால்...

2021 ஏப்ரல் 28. கொரோனாவின் இரண்டாவது அலை வீசிக்கொண்டிருந்த பயங்கரமான நாட்கள். 18 வயதைக் கடந்த எல்லாரும் தடுப்பூசிக்கு முன்பதிவு செய்யலாம் என்று அறிவித்திருந்தார்கள். மாலை 4 மணிக்கு 'கோவின்' தளம் திறந்தது.

அன்று பட்டனை அமுக்கியவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். அது சினிமா டிக்கெட் இல்லை, உயிர்ப் பிரச்னை. விநாடிக்கு 55 ஆயிரம் கோரிக்கைகள் வந்து விழுவதாக அப்பணிக்குத் தலைமை வகித்த ஆர்.எஸ். சர்மா அன்று தெரிவித்தார். தொடங்கிய சிறிது நேரம் பலருக்குத் தளம் திறக்கவில்லை. திறந்தவர்களில் பலருக்கு, செல்போனுக்கு வர வேண்டிய ஓ.டி.பி. எண் வரவில்லை.

பிறகு நிலைமை சீரானது. அன்று ஒரே நாளில் 1.3 கோடிக்கும் அதிகமானோர் பதிவு செய்தார்கள்.

இதிலிருந்து ஒரு விஷயம் தெரிகிறது. சர்வர் மட்டும் பெரிதாக இருந்தால் போதாது. ஓ.டி.பி. அனுப்பும் வழியும் அகலமாக இருக்க வேண்டும். பிளவக்கல் அணை எவ்வளவு பெரிதாக இருந்து என்ன? வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் கடைசி வயலுக்குத் தண்ணீர் வராதே!

சர்வர்கள் தப்பிக்கும் ஐந்து தந்திரங்கள்

1. பங்கு போடு: ஒரே சர்வர் எல்லாவற்றையும் சுமக்காது. பல சர்வர்களை வைத்து, வாசலில் ஒரு காவலரை நிறுத்துவார்கள். 'நீ முதலாவதுக்குப் போ, நீ இரண்டாவதுக்குப் போ' என்று அவர் பிரித்து அனுப்புவார். இவருக்கு 'லோட் பேலன்சர்' என்று பெயர். பிளஸ் 2 முடிவுகளை ஒன்றுக்கு மேற்பட்ட இணையதளங்களில் வெளியிட்டு, செல்போனுக்குக் குறுஞ்செய்தியும் அனுப்புவது இதனால்தான். ஒரே கண்மாயில் எல்லாத் தண்ணீரையும் தேக்குவதில்லையே!

2. முன்கூட்டியே எடுத்து வை: பந்தியில் ஒவ்வொருவர் கேட்ட பிறகு சாதம் வடிப்பார்களா? அடிக்கடி கேட்கப்படும் பக்கங்களைத் தயாராக ஒரு பக்கம் எடுத்து வைத்துக்கொள்வது 'கேஷ்'. இது பணம் இல்லை. கையருகே வைத்த சேமிப்பு.

3. வரிசையில் நிறுத்து: 'உங்கள் முறை வரும் வரை காத்திருங்கள்' என்று சொல்லி, தாங்கும் அளவுக்கு மட்டும் உள்ளே விடுவது.

4. அலங்காரத்தைக் கழற்று: நெருக்கடி வந்தால் படங்கள், பரிந்துரைகள் போன்றவற்றை நிறுத்திவிட்டு, முக்கியமான வேலையை மட்டும் செய்வது.

5. 'இப்போது முடியாது' என்று சொல்: இதுதான் கஷ்டமான தந்திரம். சர்வர் தாங்காது என்று தெரிந்ததும், மிச்சம் வரும் கோரிக்கைகளை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட வேண்டும். இதுதான் சர்வரின் கலுங்கு. 'அநியாயமாக இருக்கிறதே' என்று தோன்றும். ஆனால், பேராசைப்பட்டுக் கலுங்கை மண் மூட்டை போட்டு அடைத்தால் என்ன ஆகும்? கரை உடையும். ஊருக்கே தண்ணீர் இல்லாமல் போகும். சிலரைத் திருப்பி அனுப்பினால்தான் மற்றவர்களுக்காவது வேலை நடக்கும்.

தோனி அவுட்டானதும்...

கூட்டம் வருவது மட்டும்தான் ஆபத்தா? கூட்டம் கலைவதும் ஆபத்துதான்!

2019 ஜூலை. இந்தியாவும் நியூசிலாந்தும் மோதிய உலகக் கோப்பை அரையிறுதி. மழையால் ஆட்டம் மறுநாளுக்குத் தள்ளிப்போனது. ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 2.53 கோடிப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தோனி ரன் அவுட்! நாடே தலையில் கை வைத்தது. அடுத்த நொடி, கோடிக்கணக்கானவர்கள் மேட்சை விட்டு வெளியே வந்தார்கள்.

வெளியே வந்தால் எங்கே போவார்கள்? செயலியின் முகப்புப் பக்கத்துக்கு! அதுவரை எல்லாரும் மேட்ச் பார்த்ததால் சும்மா கிடந்த முகப்புப் பக்கத்து சர்வர்கள் மீது திடீர் வெள்ளம். இப்படி நடக்கும் என்று முன்பே யோசித்து வைத்திருந்ததால் அவர்கள் சமாளித்தார்கள். பெரிய மேட்சுகளுக்கு முன், போலியாகக் கூட்டத்தை உருவாக்கி, சர்வர்கள் மேல் மோதவிட்டு, எங்கே விரிசல் விடுகிறது என்று பார்ப்பது அவர்கள் வழக்கம். பள்ளி ஆண்டு விழாவுக்கு முன் ஒத்திகை பார்ப்போமே... அப்படி. 2023 நவம்பர் 19-ல் நடந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டியை அதே தளத்தில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தார்கள்.

எல்லாருக்கும் ஒத்திகை கைகொடுப்பதில்லை. 2014 அக்டோபர் 6-ல் ஃபிளிப்கார்ட் நிறுவனம் மாபெரும் தள்ளுபடி விற்பனை நடத்தியது. ஏறக்குறைய 5,000 சர்வர்களைத் தயார் செய்து வைத்திருந்தும், வந்த கூட்டத்தில் தளம் தடுமாறியது. மறுநாளே நிறுவனர்கள் சச்சின் பன்சாலும் பின்னி பன்சாலும் வாடிக்கையாளர்களிடம் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினார்கள்.

ஒரு இரவு... ஒரு கட்டளை... 300 ஜி.பி.!

இப்போது சொல்லப்போவது உண்மைக் கதை. கொஞ்சம் மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்!

உலகம் முழுக்க உள்ள மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் வேலையைச் சேமித்து வைக்கும் தளம் 'கிட்லேப்'. 2017 ஜனவரி 31 அன்று, யாரோ சிலர் வேண்டாத பதிவுகளைக் குவித்ததால் அதன் சர்வர்களில் சுமை ஏறியது. தகவல் சேமிக்கும் சர்வர்கள் இரண்டு. ஒன்று 'டிபி1'. அதுதான் அசல். இன்னொன்று 'டிபி2'. அது அசலைப் பார்த்துப் பிரதி எடுத்துக்கொண்டே இருக்கும். சுமை தாங்காமல் டிபி2 பின்தங்கி, பிரதி எடுப்பதையே நிறுத்திவிட்டது.

நெதர்லாந்தில் இருந்த ஒரு பொறியாளர் அதைச் சரிசெய்ய முயன்றார். இரவு 11 மணி. வேலையை முடித்துக் கிளம்பும் எண்ணத்தில் இருந்தவர், இந்தப் பிரச்னையால் உட்கார்ந்துவிட்டார். டிபி2-வில் உள்ள அரைகுறைத் தகவலை அழித்துவிட்டு, புதிதாகப் பிரதி எடுக்கலாம் என்று முடிவு செய்தார். 'அழி' என்று கட்டளை கொடுத்தார்.

ஓரிரு விநாடியில் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் கட்டளை கொடுத்தது டிபி2-வில் அல்ல. அசலான டிபி1-ல்!

உடனே நிறுத்தினார். ஆனால், சுமார் 300 ஜி.பி. தகவலில் மிச்சம் இருந்தது வெறும் 4.5 ஜி.பி.!

சரி, காப்புப் பிரதி இருக்குமே? அங்கேதான் அடுத்த அதிர்ச்சி. தினமும் தானாக எடுக்கப்படுவதாக நினைத்த காப்புப் பிரதி காலியாக இருந்தது. அது பல நாளாகவே தோல்வி அடைந்துகொண்டிருந்தது. 'தோல்வி' என்று எச்சரிக்கும் மின்னஞ்சல்களும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. ஐந்து விதமான பாதுகாப்புகள் இருந்தும், ஒன்றுகூட ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை.

கடைசியில் காப்பாற்றியது எது தெரியுமா? ஆறு மணி நேரத்துக்கு முன், வேறு ஒரு சோதனைக்காகத் தற்செயலாக எடுத்து வைத்த ஒரு பிரதி. அதை வைத்துத் தளத்தை மீட்க ஏறக்குறைய 18 மணி நேரம் ஆனது. அந்த ஆறு மணி நேரத்தில் பதிவான சுமார் 5,000 திட்டங்களின் விவரங்களும், 5,000 கருத்துகளும், 700 புதிய பயனர் கணக்குகளும் போனது போனதுதான்.

அப்புறம் என்ன, அந்தப் பொறியாளரைத் துரத்திவிட்டார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லவே இல்லை! நடந்ததை நிறுவனம் ஒளிக்கவில்லை. மீட்பு வேலை முழுவதையும் யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். பிறகு வெளியிட்ட அறிக்கையில், அவர் பெயரைக்கூடப் போடாமல் 'குழு உறுப்பினர் 1' என்றே குறிப்பிட்டார்கள்.

'யார் செய்தது?' என்று அவர்கள் கேட்கவில்லை. 'களைத்துப்போன ஒருவர் ஒரே கட்டளையில் இவ்வளவையும் அழிக்க முடிகிறதே, ஏன்?' என்று கேட்டார்கள். எந்த சர்வரில் வேலை செய்கிறோம் என்பது திரையில் பளிச்சென்று தெரியும்படி மாற்றினார்கள். காப்புப் பிரதி சரியாக இருக்கிறதா என்று சோதிக்கும் பொறுப்பை ஒதுக்கினார்கள்.

அந்தப் பொறியாளர் பயந்துபோய் விஷயத்தை மறைத்திருந்தால்? மீட்கக் கிடைத்த நேரமும் போயிருக்கும். கரையில் சின்னக் கசிவைப் பார்த்ததும் சத்தம் போட்டால் ஊர் கூடி மண் போட்டு அடைத்துவிடலாம். 'நம்மைத் திட்டுவார்களோ' என்று வாயை மூடிக்கொண்டால், விடியும்போது கரையே இருக்காது.

எழுத்துப் பிழையால் நின்ற இணையம்

அதே 2017, பிப்ரவரி 28. அமேசான் நிறுவனம் தன் சர்வர்களை மற்ற நிறுவனங்களுக்கு வாடகைக்கு விடுகிறது. அங்கே ஒருவர் சில சர்வர்களை மட்டும் தற்காலிகமாக நிறுத்த நினைத்தார். கட்டளையில் ஒரு சிறு தவறு; நினைத்ததைவிட அதிகமான சர்வர்கள் நின்றுவிட்டன. அதை நம்பியிருந்த ஏராளமான இணையதளங்கள் சுமார் 4 மணி நேரம் தவித்தன. இதில் வேடிக்கை என்ன தெரியுமா? 'எங்கள் சேவை எப்படி இருக்கிறது' என்று காட்டும் அமேசானின் அறிவிப்புப் பலகையும் அதே சர்வர்களை நம்பித்தான் இருந்தது. அதனால் கோளாறைப் பற்றி அதில் உடனே அறிவிக்கவும் முடியவில்லை!

2021 அக்டோபர் 4. நம் ஊரில் இரவு 9 மணி தாண்டியிருக்கும். திடீரென்று வாட்ஸ்அப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் மூன்றும் நின்றன. 'நம்ம வீட்டு நெட் போச்சு' என்று பலர் செல்போனை அணைத்து அணைத்துப் போட்டார்கள். உண்மையில், பராமரிப்பு வேலைக்காகக் கொடுத்த ஒரு கட்டளை, அந்த நிறுவனத்தின் டேட்டா சென்டர்களை இணைக்கும் வழிகளை எல்லாம் துண்டித்துவிட்டது. தவறான கட்டளையைத் தடுக்க வேண்டிய மென்பொருளிலும் ஒரு பிழை. தொலைவிலிருந்து சரிசெய்யவும் வழி இல்லை. பொறியாளர்கள் நேரில் போக வேண்டியிருந்தது. சுமார் 6 மணி நேரம் ஆனது.

சரிசெய்த பிறகும் அவர்கள் படாரென்று எல்லாவற்றையும் திறக்கவில்லை. காத்திருக்கும் கோடிக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் பாய்ந்தால் மறுபடியும் படுத்துவிடும் என்று மெல்ல மெல்லத்தான் திறந்தார்கள். மதகைத் திறப்பவருக்கு இந்த விஷயம் எப்போதோ தெரியும்!

இன்றே செய்யுங்கள், குட்டீஸ்!

* ஓர் இணையதளம் திணறினால், பட்டனைத் தொடர்ந்து அமுக்காதீர்கள். சில நிமிடம் விட்டு முயலுங்கள். உங்களுக்குப் பின்னால் நிற்பவருக்கும் அது உதவி.

* புராஜெக்டை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். பென் டிரைவில் ஒன்று, வேறோர் இடத்தில் ஒன்று என்று பிரதி வையுங்கள்.

* பிரதி எடுத்தால் மட்டும் போதாது. அது திறக்கிறதா என்று ஒரு தடவை திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதி, எண்ணிப் பார்க்காத உண்டியல் மாதிரி!

* 'டெலிட்' அமுக்கும் முன் எந்த ஃபைல், எந்த இடம் என்று ஒரு முறை வாய்விட்டுப் படியுங்கள். தூக்கக் கலக்கத்தில் எதையும் அழிக்காதீர்கள்.

* பள்ளிக் கம்ப்யூட்டர் லேபில் ஏதாவது தவறு செய்துவிட்டால், உடனே ஆசிரியரிடம் சொல்லுங்கள். முதல் நிமிடத்தில் சொன்னால் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம்.

அடுத்த முறை பிளவக்கல் பக்கம் போனால், பெரியவர்கள் துணையோடு கரையில் நின்று மதகைப் பாருங்கள். தண்ணீரில் இறங்காதீர்கள். வழியில் கண்மாய்க் கரையில் யாராவது பெரியவர் இருந்தால், 'கலுங்கு எங்கே தாத்தா இருக்கு?' என்று கேளுங்கள். ஆசையாகக் காட்டுவார். வெள்ளம் வராத நாளில், வெயிலில் நின்று அதைக் கட்டியவர்கள் நம் முன்னோர்கள். நாளைக்கு உங்களில் யாரோ ஒருவர், கோடிப் பேர் நம்பியிருக்கும் ஒரு சர்வருக்குக் கலுங்கு கட்டப்போகிறீர்கள்!

மூளைக்கு வேலை

ஒரு சர்வர் விநாடிக்கு 50 பேருக்குப் பதில் சொல்லும். விநாடிக்கு 60 பேர் கேட்கிறார்கள். 5 நிமிடம் கழித்து வரிசையில் எத்தனை பேர் இருப்பார்கள்? அப்போது வந்து சேருகிறவர் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்?

விடை: 3,000 பேர், ஒரு நிமிடம்.